சாயாத கல்லறை

“எங்க அப்பா இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறார்,” என்றாள் அந்தப் பெண். “கொலை பண்ணினேன்னு ஒத்துக்கறதுக்கு.”

நான் அப்போதுதான் டீயை வாயில் வைத்திருந்தேன். பாதி உள்ளே போனது, மீதி மூக்கு வழியாக வெளியே வந்தது. அண்ணி அசையவில்லை. எங்கள் துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி, மூளை, முதுகெலும்பு எல்லாமே அண்ணிதான். நான் அவர் கணவருடைய தம்பி என்கிற ஒரே தகுதியில் வேலைக்குச் சேர்ந்தவன். இஸ்திரிக் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். கீழேயிருந்து சூடு ஏறி வருவதால், எங்களிடம் வருகிறவர்கள் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போக நினைப்பார்கள்.

“யாரைக் கொலை பண்ணினார்?” என்று கேட்டார் அண்ணி.

“எங்க பெரியப்பாவை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி.”

“இப்ப மணி பத்தரை. ஆற அமர வந்திருக்கீங்க,” என்றேன் நான்.

“தம்பி, நீ முதல்ல மூக்கைத் துடை,” என்றார் அண்ணி.

அந்தப் பெண் பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர்கள் அலறுவதைக் கேட்டுப் பழகியதாலோ என்னவோ, கண் கலங்காமல் கோர்வையாகச் சொன்னாள்.

அவளுடைய குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்லறைக் கல் செதுக்குகிற குடும்பம். முன்னால் பட்டறை, அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் உயரமான மதில் சூழ்ந்த தோட்டம். தோட்டத்தில் குடும்பத்தின் சொந்தக் கல்லறைகள் எட்டு. இவள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதே கொள்ளுத் தாத்தாவின் கல்லில்தானாம். தாத்தாவுக்கு ஒரு மகள், இரண்டு மகன்கள். மகள்தான் மூத்தவர். இன்றைக்கும் பட்டறையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அத்தை அவர்தான். மகன்களில் பெரியவருக்கு உளியைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் பட்டறையில் வைத்து, “நான் போறேன், இந்தக் கல்லை நீயே கட்டிக்கிட்டு அழு” என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆத்திரத்தில் கையிலிருந்த மரச்சுத்தியால் அண்ணன் தலையில் ஒரு போடு போட்டுவிட்டார். அண்ணன் ரத்தத்தோடு கீழே விழுந்தார். தம்பி பயந்துபோய் ஓடி ஒரு நண்பன் வீட்டில் ஒளிந்துகொண்டார்.

“நாலாவது நாள் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தா, தோட்டத்துல பெரியப்பா பேர் போட்ட கல்லு கிடக்கு. தாத்தா அப்பாவை இழுத்துட்டுப் போய்க் காட்டினாராம். ‘உன் அடியில செத்துட்டான். நானே புதைச்சுட்டேன். ஊர்ல கேட்டவங்ககிட்ட வெளியூர் போயிட்டான்னு சொல்லியிருக்கேன். நீ வாயைத் திறந்தா உனக்குத் தூக்குதான். உளியை எடுத்துட்டு வேலையைப் பாரு.’ அன்னிக்கு எடுத்த உளியை அப்பா இன்னும் கீழ வைக்கல. ஒருநாள்கூட இந்த ஊரைத் தாண்டினதில்லை. நான் படிச்சு முடிச்சுப் பட்டம் வாங்கறப்பகூட வரல.”

“நான் சைக்கிளைத் தொலைச்சப்ப எங்க அப்பா இதைவிட அதிகமா சத்தம் போட்டார்,” என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

“இருபத்தேழு வருஷம் சும்மா இருந்தவர் இன்னிக்கு ஏன் கிளம்பறார்?”

“ரோடை அகலப்படுத்தறாங்க. திங்கட்கிழமை தோட்டத்தைத் தோண்டி எட்டுக் கல்லறையையும் வேற இடத்துக்கு மாத்தப் போறாங்க. எலும்பு வெளிய வரும், மண்டையில அடி இருக்கும். ‘அவங்களாக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன்’னு நேத்து என்னை உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னார். பல் பிரஷ், மாத்திரை, ரெண்டு துண்டுன்னு பையைக்கூடக் கட்டி வெச்சுட்டார்.” இந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. “எங்க அப்பா ஒரு கொசுவைக்கூட அடிக்க மாட்டார் மேடம். இரக்கம்னு நெனச்சுட்டிருந்தேன். கையை ஓங்கவே பயம்னு நேத்துதான் புரிஞ்சுது. பெரியப்பா நிஜமாவே அந்த ஒரு அடியிலதான் செத்தாரா, இல்ல வேற ஏதாவது நடந்துதா? நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும்.”

“உங்க அத்தைக்குத் தெரிஞ்சிருக்குமே?”

“தெரியும். ஆனா வாயைத் திறக்க மாட்டாங்க. தோண்டவே கூடாதுன்னு ரோடு ஆபீசுக்கு மூணு தடவை போய்ச் சண்டை போட்டுட்டு வந்தாங்க. அத்தை ஒரு மாதிரி. வாரா வாரம் எட்டுக் கல்லையும் தேய்ச்சுக் கழுவுவாங்க. ஏழு கல்லுக்குப் பூ வைப்பாங்க. பெரியப்பா கல்லுக்கு மட்டும் வைக்க மாட்டாங்க. செத்தும் தீராத வெறுப்பு.”

அண்ணி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். “கொழுந்தனாரே, உங்க வீட்டுல யாராவது செத்துட்டாங்களா?”

“இல்லையே அண்ணி.”

“இப்ப ஒருத்தர் சாகணும். கல்லா பக்கம் அந்த அம்மாவை அரை மணி நேரம் பேச்சுல பிடிச்சு வை. நான் அதுக்குள்ள தோட்டத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்.”

பேசுவதற்குத்தான் என்னைப் பெற்றார்கள். ஒத்துக்கொண்டேன்.

பட்டறையில் காலெடுத்து வைத்ததும் தும்மல் வந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. ஓர் ஓரத்தில் கல் தேவதைகள் ஏழெட்டு, கழுத்தில் நம்பர் சீட்டோடு வரிசையாக நின்றன. ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. சுவரில் எழுத்து மாதிரிப் பலகை. கல்லாவில், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டபடி, அறுபதை நெருங்குகிற அந்த அம்மா உட்கார்ந்திருந்தார்.

“எங்க மாமா தவறிட்டார்,” என்றேன் முகத்தைத் தொங்கப்போட்டு.

“அடடா. எப்போ?”

“முந்தாநாள். இந்த வாரமே கல்லு வெச்சுடணும். தேவதைகூட வேணும். அந்த மூக்கு உடைஞ்சது போதும், மாமாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.”

“ஒரு வருஷம் கழிச்சு வாங்க.”

“ஒரு வருஷமா? அதுக்குள்ள நான் மறந்துடுவேனே!”

“ஒரு வருஷத்துல மறக்கறவன் கல்லு வைக்கவே வேணாம்,” என்றார் அத்தை. ஆள் லேசுப்பட்டவர் இல்லை. எனக்கு உடனே பிடித்துப்போனது.

“பணம் கூடக் குடுக்கறேன்மா.”

“தம்பி, இது பணத்துல ஆகற காரியம் இல்ல. குழியைத் தோண்டி மூடினா உள்ள மண்ணு பொலபொலன்னு இருக்கும். ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் போனாத்தான் அடங்கும். அதுக்கு முன்னாடி முந்நூறு கிலோ கல்லைத் தூக்கி வெச்சா ஒரு பக்கமா இறங்கிடும். அப்புறம் ஊர்ல எங்க பேருதான் நாறும். ஒரு வருஷம் பொறுத்து வெச்சாலுமே, அஞ்சு பத்து வருஷத்துல ஒரு விரக்கடை சாயத்தான் செய்யும்.”

“சொந்தக்காரங்கன்னா சீக்கிரம் வெச்சுக் குடுப்பீங்களோ?”

“சொந்தமா? எங்க அப்பா அவரைப் பெத்த தாய்க்கே ஒரு வருஷம் கழிச்சுத்தான் கல்லு வெச்சார். அவர் போனப்ப நாங்களும் அப்படித்தான். இந்தப் பட்டறையில அவசரத்துக்குன்னு ஒரு கல்லுகூட வெச்சதில்லை.”

அதன் பிறகு மாமாவின் குணநலன்களை நான் இருபது நிமிடம் விவரித்தேன். மாமா வளர வளர எனக்கே அவர்மேல் பாசம் வந்துவிட்டது. ஃபோன் வருவதுபோல நடித்து நழுவி, வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அங்கே அண்ணி ஒரு கல்லறைமேல் டீ டம்ளரை வைத்து, குனிந்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“அண்ணி, அவர் டீ குடிக்கற நிலைமையில இல்ல.”

“பேசாம இதைப் பாரு.” டம்ளரை எடுத்து அடுத்த கல்லில் வைத்தார், அப்புறம் அதற்கடுத்த கல்லில். எல்லாம் தரையில் படுக்கவைத்த பெரிய பலகைக் கற்கள். ஏழு கற்களிலும் டீ டம்ளருக்குள் ஒரு பக்கமாக ஏறி நின்றது. எட்டாவது பெரியப்பாவுடைய கல். அதில் டீ நேராக நின்றது. “உட்கார்ந்து டீ குடிக்கலாம்னு வெச்சேன். அப்பத்தான் கவனிச்சேன். இது மட்டும் ஏன் சாயல? எல்லாத்தையும் ஒரே ஆளுங்கதானே வெச்சிருக்காங்க?”

“அந்த அம்மா கல்லு வைக்கறதைப் பத்திப் பாடமே நடத்திட்டாங்க அண்ணி. ஒரு வருஷம் கழிச்சுத்தான் வைப்பாங்களாம். பெத்த தாயா இருந்தாலும் சரி, மூக்கு உடைஞ்ச மாமாவா இருந்தாலும் சரி. மண்ணு அடங்கணுமாம். இல்லேன்னா கல்லு இறங்கிடுமாம்.”

அண்ணி நிமிர்ந்தார். “என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னேன். அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். “உங்க அப்பா எத்தனாவது நாள் திரும்பி வந்தார்?”

“நாலாவது நாள்.”

“அப்பவே இந்தக் கல்லு இங்க இருந்துது?”

“ஆமா. அதைத்தானே தாத்தா காட்டினார்.”

“அப்பா இந்தக் கல்லுக்கிட்ட எப்பவாவது வருவாரா?”

“இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார் மேடம். அவர் ரூம் ஜன்னலைத் திறந்தே நான் பார்த்ததில்லை.”

அண்ணி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எங்கள் நிறுவனத்தில் அதுதான் பதக்கம். “பட்டறையில ரசமட்டம் இருக்கும், எடுத்துட்டு வா. அப்பாவை நான் கூட்டிட்டு வரேன்.”

ரசமட்டம் என்றால் தெரியும்தானே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி இருக்குமே, அந்தச் சட்டம். குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஓடினால் கோணல். அத்தை ஒரு நிஜ வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த சமயம் பார்த்து ஒன்றைச் சுட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தப் பெண்ணுடைய அப்பாவின் அறையில் அண்ணி கெஞ்சிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் பை. ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு கல்லு மட்டமா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. உங்களைத் தவிர யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.”

“அந்தப் பக்கம் நான் போறதில்லம்மா. விட்டுடுங்க.”

மகள் வந்து கையைப் பிடித்தாள். “நான் கூட வரேம்ப்பா. ஒரே ஒரு தடவை.”

அவர் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, அடிமேல் அடி வைத்து. கல்லுக்கு முன்னால் நின்றபோதும் மகளின் கையை அவர் விடவில்லை. என் வாயில் அந்த நேரம் ஒரு ஜோக்கும் வரவில்லை. ஆனால் ரசமட்டத்தைக் கையில் கொடுத்தவுடனே ஆள் மாறிவிட்டார். தொழில்காரன் கை அல்லவா, அது யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிட்டது. நீளவாக்கில் வைத்தார், அகலவாக்கில் வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“இந்தக் கல்லை நடுவுல யாராவது எடுத்து மறுபடி வெச்சாங்களா?” என்று மகளிடம் கேட்டார்.

“இல்லப்பா. நான் பிறந்ததுலேருந்து அப்படியேதான் இருக்கு.”

அவர் கல்லின் ஓரத்தில் இரண்டு இடங்களில் விரலால் நோண்டினார். “தோண்டி மூடின மண்ணுமேல நாலே நாள்ல வெச்ச கல்லு. இருபத்தேழு மழை பார்த்திருக்கு. ஒரு ஜாணாவது இறங்கியிருக்கணும். ஒரு நூல்கூட இறங்கல.” வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. “இதுக்குக் கீழ கடப்பாரையே படல. இங்க குழியே இல்ல.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்ப பிணத்தை வேற எங்கேயோ புதைச்சிருக்கார்!” என்று கத்திவிட்டேன்.

அந்த மனிதரின் முகத்தில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்த வெளிச்சம் சட்டென்று இறங்கிப்போனது. அண்ணியின் செருப்பு என் கால் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து மிதித்தது. நியாயமான மிதிதான்.

“யாரைக் கேட்டு அந்தக் கல்லைத் தொட்டீங்க?”

அத்தை வீட்டின் பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “நீ மாமா செத்த ஆள் இல்ல?” என்றார்.

“மாமா பிழைச்சுக்கிட்டாரும்மா,” என்றேன்.

அண்ணி அவரிடம் போனார். குரலை உயர்த்தவில்லை. “அம்மா, ஏழு பேருக்குப் பூ வைக்கறீங்க. இவருக்கு மட்டும் வைக்கறதில்லை. வெறுப்புன்னு உங்க மருமக நெனச்சுட்டிருக்கா. வெறுக்கற ஆள் கல்லை யாரும் வாரா வாரம் உட்கார்ந்து தேய்ச்சுக் கழுவ மாட்டாங்க. பாசமும் இருக்கு, பூ வைக்கவும் மனசு வரல. இது என்ன கணக்கும்மா?”

அத்தை தம்பியைப் பார்த்தார். அவருடைய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். திறந்திருந்த அறையில் கட்டில்மேல் இருந்த பையைப் பார்த்தார். “எங்கடா கிளம்பிட்டே?”

“ஸ்டேஷனுக்குக்கா. ஒத்துக்கப் போறேன்.”

அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, நான் பாவி! உசுரோட இருக்கறவனுக்கு எப்படிடா பூ வைப்பேன்?”

மகள் ஓடிப்போய் அத்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை அழுகைக்கு நடுவே சொன்னது இதுதான். அண்ணன்காரர் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா கட்டுப் போட்டுவிட்டார். மத்தியான பஸ்ஸில் அவர் சொன்னபடியே ஊரைவிட்டுப் போய்விட்டார். கிழவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒருவன் போய்விட்டான், இன்னொருவனும் போய்விட்டால் உளி பிடிக்க ஆள் ஏது? உயிரோடு இருந்த மகனுக்கு மூன்று நாள் சாப்பிடாமல் கொள்ளாமல் கல் வெட்டினார். இனி அந்தத் தம்பி எந்தக் காலத்திலும் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டான் என்று அவருக்குத் தெரியும். மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊருக்கு உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் பொய்யைப் புதைத்த மனிதரை நான் முதல் தடவையாகக் கேள்விப்படுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஊரில் ஒருவருக்கும் அவசரத்துக்குக் கல் வைக்காதவர், தன் வீட்டில் நாலே நாளில் வைத்ததுதான் அவர் செய்த ஒரே தப்பு.

“அப்பா இருந்தவரைக்கும் பயம். அவர் போனப்புறம் வெட்கம்,” என்றார் அத்தை. “நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு ஒவ்வொரு வருஷமாப் போயிடுச்சு. அவனும் வரேன் வரேன்னுதான் கேட்டான். தம்பிக்கு உன்மேல இன்னும் கோபம் தீரல, வராதேன்னு நான்தான் தடுத்து வெச்சேன். வந்தா எல்லாம் தெரிஞ்சுடுமே!”

தம்பி கத்துவார், குறைந்தபட்சம் அந்த ரசமட்டத்தையாவது தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். அவர் அதைப் பத்திரமாகக் கல்லின்மேல் வைத்தார்.

“எங்க இருக்கான்?”

“ரெண்டு ஊர் தள்ளி. பேக்கரி வெச்சிருக்கான். பிறந்தநாள் கேக்குல பேர் எழுதறான்.”

“நம்பர் இருக்கா?”

அத்தை ஃபோனை எடுத்தார். பேர் தேடவில்லை, எண்களை மனப்பாடமாக அழுத்தினார். இரண்டு தடவை தப்பிப்போய், மூன்றாவது தடவை மணி அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அந்தப் பெண் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“சொல்லுக்கா. சீக்கிரம் சொல்லு, கையெல்லாம் க்ரீம்,” என்றது ஒரு குரல். நல்ல கலகலப்பான குரல்.

“அண்ணே,” என்றார் இவர்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது.

“டேய்... நீயா? கோபம் தீர்ந்துச்சாடா உனக்கு?”

“அண்ணே, அன்னிக்கு நான் அடிச்ச அடி...” மகள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “பட்டறையில வெச்சு உன்னை அடிச்சேனே அண்ணே. அந்த அடி...”

“எந்த அடி?” என்றது அந்தக் குரல், நிஜமாகவே புரியாமல். “நாமதான் தினமும் அடிச்சுக்குவோமேடா. அதுல எதைச் சொல்றே?”

தம்பி, படியில் உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, வரப்போவதைக் கேட்பதற்குத் தயாராக இருந்தார்.

“என்னடா, பேசாம இருக்கே?”

“ஒண்ணுமில்லண்ணே,” என்றார் தம்பி. “நீ எப்ப வர்றே?”